மாரியில ஒபிஸ் முழுக்க தடிமன் பரவாம பார்க்கிறது எப்படி

மழை தொடங்கினா மட்டக்களப்புல எந்த ஒபிஸுக்குப் போனாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒராள் இரிப்பாங்க. களுவாஞ்சிகுடியில இருந்து சட்டரெல்லாம் பூட்டின பஸ்ல நெருக்கிட்டு வாறம், வந்து ஜன்னல் பூட்டின ஏசி ரூமுக்குள்ள பின்னேரம் வரைக்கும் இரிக்கிறம், பிறகு தடிமன் வராம என்ன செய்யும். நனைஞ்சதாலதான் எண்டு வீட்டுல ஏசுவாங்க, ஆனா பரப்புறது பக்கத்துல இருந்து இருமுறவர்ட வைரஸ்தான்.

அதால முதல் வேலை, காய்ச்சல்காரர் வீட்டுல நிக்கணும். ஃப்ளூ எண்டா வருத்தத்திட அறிகுறி தெரியிறதுக்கு ஒரு நாள் முன்னமே பரவத் தொடங்கி, பிறகும் 5, 7 நாள் போகும். பனடோல் போடாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாம இருந்தா வாங்க, வந்தாலும் கொஞ்ச நாளைக்கு மாஸ்க் போடுங்க. காய்ச்சலோட வந்து வேலை செய்யிறவரைப் புகழுற மேனேஜர்மார்தான் இதுல பெரிய பிரச்சின. கடை, காரியாலயச் சட்டத்துல ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு வருஷத்துக்கு 7 நாள் கெஷுவல் லீவு இரிக்கு, எல்லாத்தையும் கல்யாண வீட்டுக்கே முடிக்காம ரெண்டு நாளையாவது மாரிக்கு மிச்சம் வைங்க.

ஃபிங்கர்பிரிண்ட் மெஷின்ல காலையில எல்லார்ட விரலும் படுது, ஈர விரலை அது எடுக்காது, அதனால விரல் வைச்ச பிறகு சனிடைசர் பூசுங்க, இல்லாட்டி சோப் போட்டு 20 செக்கன் கழுவுங்க. பிளேன்டீ கோப்பையை ஒரே பேசின் தண்ணியில முக்கி எடுக்கிற பழக்கத்தை விட்டுட்டு ஆளுக்கொரு கோப்பை வைங்க. மழை விட்ட நேரம் ஏசியை நிப்பாட்டி ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து விடுங்க.

மல்லித்தண்ணி குடிக்கலாம், ஆவி பிடிக்கலாம், சுகமா இரிக்கும், ஆனா வைரஸ் அதால சாகாது. அன்டிபயோட்டிக்கும் வைரஸுக்கு வேலை செய்யாது, பார்மசியில கேட்டு வாங்காதீங்க.

இந்தக் காலத்துல டெங்கும் இரிக்கு, அதை மறந்துராதீங்க. மூக்கு ஒழுகாம கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால வலியும் எண்டா வெறும் தடிமன் எண்டு நினைக்காம, பெரியாக்கள் 500 மில்லிகிராம் பனடோல் ரெண்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா போடுங்க, ஒரு நாளைக்கு 8க்கு மேல வேணாம், ஈரல் வருத்தம் உள்ளவங்க டொக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. புரூஃபன், டைக்ளோஃபெனக் தொடவே வேணாம், ரத்தம் கசிய வைக்கும். மூணாம் நாளும் காய்ச்சல் விடாட்டி ரத்தம் சோதிங்க, வயித்து வலி, சத்தி, முரசுல ரத்தம் எண்டா நாளைக் கணக்குப் பார்க்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.