வென்றால் நம்மவர், தோற்றால் வந்தேறி: ஓசில் விவகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜூலை 22 அன்று ஜெர்மனி கால்பந்து அணியிலிருந்து விலகிய துருக்கி வம்சாவளி ஆட்டக்காரர் மெசுட் ஓசில், "வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன்" என்று எழுதினார். அந்த வரியை எடுத்தாள்பவர்களும் அவரைத் திட்டுபவர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

பெரிய தவறு, ஒருவரின் செயலையும் பிறப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. துருக்கித் தேர்தல் நெருங்கிய 2018 மே மாதத்தில், லண்டனில் அந்நாட்டு அதிபர் எர்துவானுடன் ஓசிலும், அவரைப் போலவே துருக்கி வம்சாவளி ஜெர்மனி ஆட்டக்காரரான இல்காய் குண்டோகனும் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையாளர்களைச் சிறையில் அடைத்த ஆட்சியாளருக்கு அது நல்ல பிரசாரம். அதைக் கண்டித்தது நியாயமே. ஆனால் உலகக் கோப்பையில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும், "இவர் ஜெர்மானியர்தானா?" என்று பேச்சு திசைமாறியது. கெல்சன்கிர்ஷனில் பிறந்து, 2014-இல் கோப்பையை வென்று தந்த ஆட்டக்காரரைப் பார்த்து இப்படிக் கேட்பதா? போலந்தில் பிறந்த ஜெர்மனி ஆட்டக்காரர்கள் குளோசேயையும் பொடோல்ஸ்கியையும் யாரும் 'போலந்து ஜெர்மானியர்' என்று அழைப்பதில்லையே, என்னை மட்டும் ஏன் 'துருக்கிய ஜெர்மானியர்' என்கிறீர்கள் என்று ஓசில் கேட்டார். ஓசில் சுமத்திய இனவெறிக் குற்றச்சாட்டை மறுத்த ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திடம் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கவில்லை.

பாராட்டை அப்படியே நம்பிவிடுவதும் தவறுதான். 2010-இல் ஜெர்மன் சமூகத்தோடு ஒன்றிணைந்ததற்காக ஓசிலுக்கு விருது கொடுத்தார்கள். கெல்சன்கிர்ஷனிலேயே பிறந்த பையன் எதனோடு ஒன்றிணைய வேண்டும்? ஒருவரை முன்மாதிரிக் குடியேறியாக மேடையேற்றும்போதே, அவர் என்றும் வெளியாள்தான் என்று எழுதிவைத்துவிடுகிறோம்.

தேசியவாதம் ஜெர்மனியின் பக்கம் மட்டுமே இருந்தது என்று நினைப்பவர்கள் 2010 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். எதிரணி துருக்கி. பந்து ஓசிலின் காலுக்கு வந்தபோதெல்லாம் துருக்கி ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள்; ஜெர்மனிக்கு ஆடுவதற்காகத் துருக்கிக் குடியுரிமையை விட்டவர் அல்லவா! அவர் கோல் அடித்தார், கொண்டாடவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெர்மனி அரசை நடத்திய சான்சலர் மெர்க்கல் உடைமாற்றும் அறைக்கே வந்து அவரோடு கைகுலுக்கினார். அந்தப் படம் பரவியது. எட்டு ஆண்டுகள் கழித்து அவர் விலகியபோது, பாசிசக் கிருமிக்கு எதிராக மிக அழகான கோலை அடித்துவிட்டார் என்று துருக்கியின் நீதி அமைச்சர் புகழ்ந்தார். இரண்டு அரசுகளுக்கும் அவர் ஒரு படமாகத் தேவைப்பட்டார்.

இது ஓசிலோடு முடிந்த கதை என்று ஒதுக்கவும் வேண்டாம். எர்துவானுடன் எடுத்த அதே படத்துக்காகச் சொந்த ரசிகர்களின் கூச்சலைக் கேட்ட குண்டோகன், 2024-இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் அணித்தலைவராக இறங்கினார். போட்டி தொடங்கும் முன் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி நடத்திய கருத்துக்கணிப்பில், அணியில் வெள்ளையர்கள் கூடுதலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று 21 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிக் கேட்டதே இனவெறி என்று பயிற்சியாளர் நாகல்ஸ்மான் வெளிப்படையாகக் கண்டித்தார். 2018-இல் ஓசிலுக்காக இப்படிப் பேச ஆள் இருந்திருக்க வேண்டும்.