அமெரிக்க ஹைவேல போலீஸ் உங்க காச எடுத்துக்கிட்டா... நம்ம ஆளுங்க பண்ற தப்புங்க

தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்னு கேக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். அமெரிக்கால டிராஃபிக்ல வண்டிய நிறுத்துற போலீஸ் உங்கள அரெஸ்ட் பண்ணாம, கேஸ் போடாம, ஒரு ஃபைன் டிக்கெட்கூட குடுக்காம, வண்டில இருக்குற பணத்த மட்டும் எடுத்துக்கிட்டு போயிட்டு வாங்கன்னு அனுப்பிடலாம், போதைப்பொருள் காசுன்னு சந்தேகம்னு சொன்னா போதும். சிவில் ஃபார்ஃபீச்சர்னு சொல்லுவாங்க. இதுல குற்றவாளி நீங்க இல்ல, உங்க பணம். காமெடி இல்லங்க, நெப்ராஸ்கா கேஸ் ஒண்ணோட பேரே "அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்". பணம் கொண்டு போனவர்கிட்ட போதைப்பொருள் எதுவுமே சிக்கல, ஆனாலும் 2006ல அப்பீல் கோர்ட் அரசு பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு.

10,000 டாலருக்குக் கீழ இருந்தா தொட மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. அந்தக் கணக்கு நாட்டு எல்லைய தாண்டும்போது டிக்ளேர் பண்றதுக்கும், பேங்க் அரசுக்கு அனுப்புற ரிப்போர்ட்டுக்கும்தான். நாட்டுக்குள்ள எவ்வளவு கேஷ் வேணாலும் கொண்டு போலாம், அதே மாதிரி அவங்களும் 10,000க்குக் கீழ இருந்தாலும் எடுக்கலாம். இந்த 10,000க்குப் பயந்துக்கிட்டு பேங்க்ல பிரிச்சுப் பிரிச்சு போடுறாங்க பாருங்க, ரிப்போர்ட்ல சிக்கக்கூடாதுன்னு அப்படிப் பண்ணா அதுவே தனி குற்றம்.

ரசீது இருக்கே, காட்டிடலாம்? 2021ல நெவாடால ரீனோ பக்கத்துல ஒரு முன்னாள் மரீன் வீரர நிறுத்துனாங்க, லாரிக்கு ரொம்ப ஒட்டிப் போனாராம். பேங்க் ரசீதெல்லாம் கையிலயே வச்சிருந்தாரு, காட்டவும் செஞ்சாரு, அப்படியும் 86,900 டாலர எடுத்துட்டாங்க, வழக்கு போட்டு விஷயம் பேப்பர்ல வந்தப்புறம்தான் திரும்பி வந்துச்சு. ரசீது வேணாம்னு சொல்லல, கண்டிப்பா வேணும், ஆனா அது உதவுறது பின்னாடி கோர்ட்ல, ரோட்டுல அத வச்சு போலீஸ்கிட்ட வாதாட முடியாது.

ரோட்டுல பண்ற பெரிய தப்பு மரியாதைக்காக சரின்னு சொல்றது. "வண்டிய கொஞ்சம் பாத்துக்கலாமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, நம்ம வளர்ப்பு அப்படி, தலைய ஆட்டிடுவோம், அதோட சம்மதம் முடிஞ்சது. மறுக்குற உரிமை உங்களுக்கு இருக்குன்னு அவங்க சொல்லணும்னு சட்டமே இல்ல, 1973லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. கான்சாஸ் ஹைவே போலீஸுக்கு இதுல ஒரு டெக்னிக்கே இருந்துச்சு, டிக்கெட்ட குடுத்து வேலைய முடிச்சுட்டு ரெண்டடி நடந்து சட்டுனு திரும்பி "இன்னும் ரெண்டு கேள்வி கேக்கலாமா"ன்னு பேச்ச ஆரம்பிக்கிறது, 2023ல ஃபெடரல், அதாவது மத்திய அரசு கோர்ட் ஜட்ஜ் ஒருத்தர் அத சட்டவிரோதம்னே சொல்லிட்டாங்க. அதனால லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் குடுங்க, இறங்குன்னா இறங்குங்க, சோதனைக்கு மட்டும் "நான் சம்மதிக்கல"ன்னு அமைதியா சொல்லிட்டு, "நான் போலாமா?"ன்னு கேளுங்க. அப்படியும் தேடுனா தடுக்காதீங்க. பணம் இருக்கான்னு கேட்டா பொய் சொல்லாதீங்க, பதில் சொல்ல விரும்பலன்னு சொல்லலாம். போதைப்பொருள மோப்பம் பிடிக்கிற நாய் வர்ற வரைக்கும் இருங்கன்னு வேற காரணம் இல்லாம இழுத்தடிக்க முடியாது, 2015 தீர்ப்பு இருக்கு.

கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. டெக்சாஸ்ல டெனஹான்னு ஒரு சின்ன ஊர், அந்த வழியா போன கறுப்பின, லத்தீனோ ஆளுங்கள நிறுத்தி, பணத்த விட்டுக்குடுக்குறேன்னு எழுதிக் குடு, இல்லன்னா கேஸு, புள்ளைங்களையும் அரசு எடுத்துக்கும்னு மிரட்டுனாங்கன்னு 2008ல வழக்கே வந்துச்சு.

இது கறுப்பர்களுக்கு நடக்குறது, நமக்கு என்னன்னு நெனைக்கிறவங்களும் இருக்காங்க, கேக்கவே கஷ்டமா இருக்கும். சவுத் கரோலினால பத்திரிகைக்காரங்க 2019ல கணக்கெடுத்தப்ப, சொத்த பறிகொடுத்தவங்கள்ல 65 சதவீதம் கறுப்பின ஆண்கள், ஜனத்தொகைல அவங்க 13 சதவீதம்தான். டிராஃபிக் விதிய மீறுனா போதும், போலீஸோட உள்நோக்கம் என்னன்னு கோர்ட் பாக்காதுன்னு 1996லயே தீர்ப்பு. விதி மீறாம யாராலயும் நாள் முழுக்க ஓட்ட முடியாது, அப்ப யார நிறுத்துறதுன்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. தூரத்துல இருந்து பாக்குறவருக்கு நீங்க மதுரையா மெக்சிகோவான்னு எப்படித் தெரியும்?

ஆனா நெறைய பேர் பணத்த இழக்குறது வீட்டுக்கு வந்தப்புறம்தான். போனது போகட்டும்னு விட்டுடுறாங்க, இல்லன்னா பழைய அட்ரஸுக்கு லெட்டர் போயிடுது. ஃபெடரல் ஏஜென்சி எடுத்திருந்தா பொதுவா 60 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், லோக்கல் போலீஸ் எடுத்து அவங்ககிட்ட குடுத்திருந்தா 90 நாள். லெட்டர்ல ஒரு கடைசி தேதி இருக்கும், அனுப்புன நாள்ல இருந்து கம்மியா 35 நாள். அதுக்குள்ள க்ளெய்ம், அதாவது பணம் என்னோடதுன்னு உரிமை கோரி எழுதிப் போடலன்னா ஜட்ஜ் கண்ணுலயே படாம பணம் போயிடும். இன்னொரு பள்ளம், கூடவே பெட்டிஷன்னு, தயவு பண்ணி திருப்பிக் குடுங்கன்னு கேக்குற ஒரு வழியும் இருக்கும், ஈஸியா தெரியும், ஆனா அத முடிவு பண்றது பணத்த எடுத்த அதே பக்கம்தான். கோர்ட்டுக்குப் போகணும்னா க்ளெய்ம்தான் போடணும், போட்டா 90 நாள்ல அரசு வழக்கு போடணும் இல்ல திருப்பிக் குடுக்கணும். சிவில் கேஸ்ங்குறதால இலவச வக்கீல் கிடைக்கிறது அபூர்வம், இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் மாதிரி அமைப்புங்க சில கேஸ காசு வாங்காம எடுக்குறாங்க.

எங்க ஸ்டேட்ல இத ஒழிச்சாச்சேன்னு நியூ மெக்சிகோ, மெய்ன்ல இருக்குறவங்க சொல்லலாம். அங்க ஸ்டேட் சட்டம்தான் மாறிருக்கு, ஃபெடரல் சட்டம் அப்படியேதான் இருக்கு. மத்த பல ஸ்டேட்ல லோக்கல் போலீஸ் பணத்த ஃபெடரலுக்குத் தள்ளிவிட்டு 80 சதவீதம் வரைக்கும் பங்கு வாங்கிக்கலாம். அதனால பணத்த எடுத்ததுக்கு ரோட்டுலயே போலீஸ்கிட்ட ரசீது கேட்டு வாங்குங்க, எந்த ஏஜென்சி எடுத்துச்சுன்னு பாருங்க, எந்தக் கெடு உங்களுக்குப் பொருந்தும்னு அத வச்சுதான் தெரியும்.