ஓய்வுபெற்ற ராணுவ ஜீப்பை மீட்டெடுத்தல்: புதியவர்களுக்கான செய்முறை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து, கால் டன் சுமை ஏற்றும் ராணுவ ஜீப்புகள் ஏறத்தாழ 6,40,000 தயாரித்தன. வில்லிஸ் வண்டிக்கு எம்.பி. என்றும் ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர். இவற்றின் உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாக இறங்குபவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் பொருந்தாத பாகத்தை வாங்குவதால்தான். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கம்பி பிரஷையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வண்டி?

ரேடியேட்டருக்குக் கீழே, சேசிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் சேசிஸ். கவிழ்த்து வைத்த பெட்டி வடிவில் இருந்தால் ஃபோர்டு. அடுத்து வரிசை எண். வில்லிஸில் அது முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உள்பக்கம் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்திலேயே, எஞ்சின் தாங்கிக்கு அருகில் பொறித்திருப்பார்கள். பல அடுக்குப் பெயிண்ட்டுக்குள் புதைந்திருக்கும் என்பதால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். டாஷ்போர்டுத் தகடுகளை மட்டும் நம்பாதீர்கள். அச்சு அசலான நகல்கள் விற்பனையில் உள்ளன.

ராணுவப் பணிமனைகள் பழுதுபார்க்கும்போது இரண்டு நிறுவனங்களின் பாகங்களையும் கலந்தே பொருத்தின. வில்லிஸ் சேசிஸில் ஃபோர்டு ஆக்சில் இருப்பது சாதாரணம். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைகளில்கூட, சாய்வெழுத்தில் ஒரு ‘எஃப்’ பொறித்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த எழுத்து தெரியும். அதைப் பார்க்கும் இடத்திலெல்லாம் புகைப்படம் எடுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), ஆக்சில் என்று தனித்தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: பாக எண்

இரண்டு ஆவணங்கள் கட்டாயம் தேவை. டி.எம். 9-803 பராமரிப்புக் கையேடு, எஸ்.என்.எல். ஜி-503 உதிரிபாகப் பட்டியல். இரண்டும் அமெரிக்க ராணுவ வெளியீடுகள், ஸ்கேன் செய்த பிரதிகள் எளிதில் கிடைக்கும்.

பட்டியலில் ‘டபிள்யூ.ஓ.’ என்று தொடங்கினால் வில்லிஸ் எண், ‘எஃப்.எம்.’ என்றால் ஃபோர்டு எண். ஃபோர்டு எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு: 1000 வரிசை சக்கரம், 2000 பிரேக், 3000 முன் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும், 4000 பின் ஆக்சில், 6000 எஞ்சின், 7000 கிளட்சும் கியர்பாக்ஸும். ஜி.பி.டபிள்யூ.-2140 என்று கண்டவுடன் அது பிரேக் பாகம் என்று புரிந்துவிடும். அது மாஸ்டர் சிலிண்டர். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் பழைய சாமான் குவியலில் தேடுவது எவ்வளவு சுலபமாகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

மூன்றாம் படி: எதைப் புதிதாக, எதைப் பழையதாக வாங்குவது?

போர்க்காலத்தில் தயாராகி இன்னும் பொட்டலம் பிரிக்காத பழைய சரக்கு ஒரு வகை. மெழுகு போன்ற துருத்தடுப்புக் கிரீஸ் பூசி, எண்ணெய்த்தாளில் சுற்றியிருப்பார்கள். கியர், ஷாஃப்ட், ஸ்டீயரிங் பாகங்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் ரப்பர் மட்டும் வேண்டாம். பொட்டலம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எண்பது ஆண்டு கடந்த ரப்பர் கல்லாகியிருக்கும். சீல், ஹோஸ், வீல் சிலிண்டர் கப் எல்லாம் புதுத் தயாரிப்பாகவே இருக்கட்டும்.

பாடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தரைத் தகட்டுக்கு அடியிலுள்ள தொப்பி வடிவ இரும்புச் சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்துத்தான் தொழிற்சாலையில் பொருத்தினார்கள். அந்தக் கட்டை ஈரத்தை உறிஞ்சி, சட்டத்தை உள்ளிருந்து அரிக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் அங்கே இரும்பு போய்விட்டது. அதன் பிறகும் சட்டத்தை மட்டும் மாற்றி மூலப் பாடியைக் காப்பாற்ற முடியும். பிலிப்பைன்ஸில் தயாராகும் முழுப் புதுப் பாடி கிடைக்கிறது என்றாலும், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே.-2ஏ ஜீப்பின் பாகங்கள் பலவும் இதற்குப் பொருந்தும். எல்லாமே பொருந்தும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸின் இடை ஷாஃப்ட் போர்க்கால வண்டியில் முக்கால் அங்குலம். பிந்தைய வண்டிகளில் அதைத் தடிமனாக்கிவிட்டார்கள். வெர்னியர் வைத்து அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். விற்பவருக்கு எழுதும்போது இப்படிக் கேளுங்கள்: “பாக எண் எந்த இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது? அந்த இடத்தின் படமும், அருகில் அளவுகோல் வைத்து எடுத்த படமும் அனுப்ப முடியுமா? மரை கெட்டிருக்கிறதா?”

நான்காம் படி: சக்கரமும் பிரேக்கும்

எஞ்சினை உயிர்ப்பிக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, நிறுத்தும் கருவியை முதலில் சரிசெய்யுங்கள். இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை. வழக்கம்போலத் திருகினால் கழலாது, இறுகும்; பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறியும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. காம்பாட் ரிம் என்பது எட்டு நட்டுகளால் இணைத்த இரண்டு பாதிகள். டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. பாதி ரிம் வெடித்துப் பறக்கும். வால்வின் உள்முனையையே கழற்றி, காற்று முழுவதும் வெளியேறியதை உறுதிசெய்த பிறகுதான் ஸ்பேனர். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்ற, நடுவில் உள்ள ஐந்து நட்டுகளே போதும்.

பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போய்விடும். குழாய், ஹோஸ், சிலிண்டர் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: எஞ்சின்

இது 134 கன அங்குல, நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் எஞ்சின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்துக் கைப்பிடியால் சுற்றுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், இழுப்பு கீழிருந்து மேலாக இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தப்பும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பற்றவைப்பு வரிசை 1-3-4-2. பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. டேங்கை வெளியே எடுத்து உள்துருவை நீக்குங்கள், பள்ளத்தின் வடிகால் துளையையும் குத்திவிடுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறைசொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், கார் கேபிள் இதற்கு மெலிது. தடித்த கேபிளும், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே சுத்தமான எர்த் பட்டையும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆறாம் படி: பெயிண்ட்

பானெட்டின் பக்கவாட்டை மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். நுண்ணிய உப்புத்தாளை நனைத்து, அடுக்கடுக்காகக் கையால் தேய்த்து வாருங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரமாகத் தேய்ப்பதே பாதுகாப்பு. பச்சை அடுக்குகளுக்கு இடையே வெள்ளையோ மங்கிய நீலமோ எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். அது 20 என்று தொடங்கும் ராணுவப் பதிவெண்ணாக இருக்கக்கூடும். ஓரத்திலிருந்து மெல்ல முன்னேறி, எண் முழுதாகத் தெரிந்ததும் படம் எடுங்கள். மேலே டிரேசிங் தாளை ஒட்டி, எழுத்தின் உயரம், இடைவெளி, விளிம்பிலிருந்து உள்ள தூரம் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். புதிய ஸ்டென்சிலை அந்தத் தாளிலிருந்துதான் வெட்ட வேண்டும்.