எலியைப் பிடிப்பதற்கு முன்னும் பின்னும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மதுரைப் பக்கம் எலித் தொல்லை ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒருமுறை கூடும், நெல் அறுப்பு முடிந்ததும் இன்னொரு முறை கூடும். சாக்கடையிலும் வளையிலும் தண்ணீர் ஏறினால் பெருச்சாளி மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வட்டாரத்தில் வயல் காலியானதும் வரப்பு எலிகள் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு இடம் மாறும். கீழமாசி வீதி மாதிரி மளிகை மொத்தக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களுக்குப் பருவம் எல்லாம் கிடையாது, வருஷம் பூராவும் எலிதான்.

எங்கே இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். எலியைக் கண்ட அன்று மாலையே ஒரு மருந்தோ பொறியோ வாங்கி வைப்பார்கள். ஒன்று மாட்டியதும் வேலை முடிந்தது என்று பொறியைப் பரணில் போட்டுவிடுவார்கள். எலி நுழைந்த ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். சுண்டெலிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 20 நாள், ஈற்றுக்கு ஐந்து முதல் எட்டுக் குட்டி, அந்தக் குட்டி ஆறு வாரத்தில் தானும் சினைப்பிடிக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. வழியை அடைப்பது முதல் வேலை, உள்ளே மிச்சம் இருப்பதைப் பிடிப்பது இரண்டாவது வேலை. மருந்து என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் செலவு செய்வது

புழுக்கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அரை சென்டிமீட்டர் நீளம், முனை கூர்மை என்றால் சுண்டெலி. ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ஓட்டிலும் மச்சிலும் ஓடும் வீட்டெலி. இரண்டு சென்டிமீட்டரை நெருங்கினால் பெருச்சாளி. சுண்டெலி எதையும் உடனே போய் முகர்ந்து பார்க்கும், கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள்தான் பெரும்பாலும் திரியும். வீட்டெலி புதிதாக ஒரு பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கியே போகும். பெருச்சாளி கீழிருந்து மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். மூன்றுக்கும் ஒரே கூண்டு, ஒரே இடம் என்று வைத்தால் மூன்றில் இரண்டு தப்பும்.

நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடி, ஒரு வாடையை விட்டுப் போவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது, அரிசி மூட்டையைத் தொடாது. பிள்ளையாரின் வாகனம் என்று விட்டுவைப்பவர்கள் தெரியாமலே நல்லது செய்கிறார்கள். அதற்கு மருந்துக் கட்டி வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. வாடை பிடிக்கவில்லை என்றால் கதவுக்கடி இடைவெளியை அடைத்தால் போதும்.

எந்த வழியாக நடமாட்டம் என்று தெரியவில்லையா? ராத்திரி படுக்கும் முன் அடுப்படிச் சுவரோரம், கதவு மூலை, சிலிண்டர் பின்புறம் ஆகிய இடங்களில் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிடுங்கள். அரிசி மாவு வேண்டாம், அது அவற்றுக்குச் சாப்பாடு. கல் மாவு போடுங்கள். விடிந்ததும் கால் தடமும் வால் இழுத்த கோடும் எந்த ஓட்டையில் போய் முடிகின்றன என்று தெரிந்துவிடும்.

ஓட்டையைத் தப்பான பொருளால், தப்பான நேரத்தில் அடைப்பது

பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும், அதாவது 6 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன சந்துக்குள் எப்படி வரும் என்று நினைத்து விட்டுவிடும் இடங்கள்தான் வாசலாகின்றன: ஏசி குழாய் போகும் துளை, சிங்க் கழிவுக் குழாய் சுவரில் இறங்கும் இடம், கேபிள் வயர் வரும் ஜன்னல் மூலை, குளியலறைத் தரைச் சல்லடை, கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்து. ஓட்டு வீடானால் தாழ்வாரத்தில் ஓடு சுவரைச் சந்திக்கும் வரிசை முழுக்க.

துணி, தெர்மாகோல், அட்டை, நுரை ஸ்பிரே எதையும் எலி ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை ஓட்டைக்குள் இறுகத் திணித்து, அதன் மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். நார் மட்டும் வைத்தால் இழுத்துப் போட்டுவிடும், சிமெண்டு மட்டும் என்றால் ஈரம் காய்வதற்குள் பறித்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும். காற்றுப் போக வேண்டிய இடத்துக்குக் கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ கம்பி வலை. கொசு வலை எதற்கும் ஆகாது. குளியலறைச் சல்லடையைச் சும்மா மேலே வைக்காமல் திருகி முடுக்கும் வகையாக வாங்குங்கள், பெருச்சாளி தலையால் முட்டியே தூக்கிவிடும். மொட்டை மாடியைத் தொடும் முருங்கைக் கிளையை மூன்றடியாவது தள்ளி வெட்டிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். எலி உள்ளே இருக்கும்போது எல்லா வழியையும் பூசிவிட்டால் அது உள்ளேயே செத்து நாறும், இல்லாவிட்டால் புதிதாக ஒரு வழி போடும். முதலில் ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளைச் செருகுங்கள். இரண்டு மூன்று இரவுக்கு அது அசையாமல் இருந்தால் அந்த வழி இப்போது ஓய்ந்திருக்கிறது, பூசலாம். அசைந்தால் அந்த வாயிலேயே பொறியை வையுங்கள்.

பொறி வைப்பதில் நடக்கும் பிசகுகள்

அகலக் கம்பி போட்ட பெரிய கூண்டைச் சுண்டெலிக்கு வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இரையைத் தின்றுவிட்டுக் கம்பி நடுவே நுழைந்து போய்விடும். ‘எலி ரொம்ப கெட்டிக்காரப்பா’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அறை நடுவே வைப்பது இன்னொன்று. எலி மீசையால் சுவரைத் தொட்டபடிதான் ஓடும். அடிக்கும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். கூண்டானால் வாய் சுவரோரப் பாதையைப் பார்க்க வேண்டும். சுண்டெலிக்கு ஆறு முதல் பத்து அடிக்கு ஒரு பொறி வீதம், ஒரே இரவில் ஐந்தாறு பொறி. ஒரே பொறியைப் பத்து நாள் வைப்பதைவிட இது பலன் தரும்.

இரை பெரிதாக இருக்கக் கூடாது. முழு மசால் வடையை மாட்டினால் ஓரத்தைக் கொறித்துவிட்டுக் கொக்கியை அசைக்காமலே போய்விடும். கொண்டைக்கடலை அளவு போதும்: சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் துண்டு, வடை எதுவானாலும் நூலால் கொக்கியோடு இறுகக் கட்டிவிடுங்கள். வீட்டெலிக்கு மட்டும் முதல் மூன்று இரவு பொறியை முடுக்காமல் இரையை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும், நாலாவது இரவு முடுக்குங்கள். பொறியைத் தொடும்போது கையுறை போடுங்கள்.

கொல்ல மனமில்லாதவர்கள் செய்யும் கொடுமை

கூண்டில் பிடித்துக் கொண்டுபோய் விடுவதில் தவறில்லை. ஆனால் ராத்திரி மாட்டியதை மறுநாள் மத்தியானம் வரை மாடியில் வெயிலில் விட்டுவைத்தால் அது தாகத்திலும் சூட்டிலும் தவித்துச் சாகும். விடிந்ததும் பாருங்கள், கூண்டின் மேல் துணி போடுங்கள், உள்ளே ஒரு துண்டு தக்காளி போடுங்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொண்டுபோய் விடுங்கள். அடுத்த தெருவில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவதாகும், திரும்பி வரவும் செய்யும். அறுப்புக்கு நிற்கும் வயலோரம் விடுவதும் அதே கதைதான். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த சுண்டெலியைக் கண்மாய்க் கரையில் விட்டால் அதில் பெரும்பாலானவை அதிக நாள் தாக்குப்பிடிக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நல்ல வில் உள்ள அடிக்கும் பொறி ஒரு நொடியில் முடித்துவிடும். பசை அட்டையும் மருந்தும் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வதைக்கும். எது கருணை என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பசை அட்டையில் ஒட்டிய எலி தோல் கிழிய இழுக்கும், பயத்தில் மூத்திரம் பெய்யும், அப்படியே குப்பையில் போட்டால் உயிரோடு கிடக்கும். பல்லி, ஓணான், குருவி, பாம்புக்குட்டியும் அதில் ஒட்டும். விலங்கு நல வாரியம் இதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது, பல மாநிலங்கள் தடையும் செய்திருக்கின்றன. வாங்காதீர்கள்.

மருந்து: இங்கே பிசகினால் ஆளே போகும்

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. வீட்டில் பழைய ட்யூப் ஏதாவது இருந்தால் குழந்தை கைக்கு எட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது. தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிவார், அதன் பிறகு கல்லீரல் கெடும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கு உரியது. ஈரம் பட்டால் பாஸ்பின் வாயுவை விடும். எலி வளையில் போட்டு மூடினால் ஆகிவிடும் என்று சிலர் வீட்டை ஒட்டிய வளையில் போடுகிறார்கள், வாயு சுவர் விரிசல் வழியாகப் படுக்கையறைக்கு வரும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பூச்சி மருந்து ஆள் வந்து வைத்தாலும், என்ன மருந்து, எந்த அறையில், எத்தனை மணி நேரம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று கேட்காமல் உள்ளே விடாதீர்கள்.

கடையில் கேக் என்று விற்கும் புரோமடியோலோன் ரத்தம் உறையாமல் செய்து மூன்று முதல் ஏழு நாளில் கொல்லும். அன்றைக்கே சாகவில்லை என்று மறுநாள் வேறு மருந்தைச் சேர்த்து வைப்பது வீண். உத்திரத்திலோ பொய்க்கூரையிலோ செத்துக் கிடந்தால் நாற்றம் இரண்டு வாரம் போகாது. செத்ததைத் தெருவில் எறிந்தால் காக்கை, பூனை, நாய், கூகை என்று தின்னும் எல்லாவற்றுக்கும் அந்த மருந்து போகும். வைக்கத்தான் வேண்டும் என்றால் பூட்டுள்ள பெட்டியில், வீட்டுக்கு வெளியே. குழந்தை வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவிடாதீர்கள். மருந்து வந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். புரோமடியோலோனுக்கு வைட்டமின் கே1 முறிவு உண்டு, ஆனால் அது எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அந்துருண்டையை மூலைக்கு மூலை போடுவதால் எலி போகாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடிய ஆபத்து, அவ்வளவே பலன். மின்சாரத்தில் செருகும் ஒலிக்கருவிக்குச் சில நாளில் எலி பழகிவிடும், அந்த ஒலி பீரோவைத் தாண்டியும் போகாது.

கூட்டிப் பெருக்குவதில் உள்ள ஆபத்து

காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசு மூக்குக்குள் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து அதன் மேல் நனைய ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, கையுறையோடு பழைய துணியால் துடைத்து, துணியோடு கட்டிப் போடுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இதைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். எலிக் காய்ச்சல் எலியின் மூத்திரத்தால் பரவுவது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு நடப்பவர்களுக்குத்தான் அதிகம் ஒட்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், வீட்டில் எலி நடமாட்டம் உண்டு என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கவனத்துக்கு வராமல் போகும் சில இடங்கள்: 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தரையில் சாய்த்து வைக்காமல் மூடியுள்ள தகர டின்னில் கொட்டுங்கள், பிளாஸ்டிக் டப்பாவை எலி கடித்துவிடும். காக்கைக்கு வைத்த சோற்று மிச்சத்தையும், கோழித் தீவனத்தையும், பருத்திக்கொட்டையையும் இருட்டும் முன் எடுத்துவிடுங்கள். சாமி விளக்கை எரியவிட்டுத் தூங்காதீர்கள், எண்ணெய் ஊறிய திரியை எலி இழுத்துக்கொண்டு ஓடும். ஃபிரிட்ஜ் பின்புற மோட்டார்ச் சூட்டில் கூடு கட்டியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், வாஷிங் மெஷினுக்கு அடியில் எலித் தடுப்புத் தகடு மாட்டுங்கள். கேஸ் ட்யூப் பழைய சாதா ரப்பராக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிறக் குழாயைக் கடித்து ஓட்டை போடுவது எலிக்கு அவ்வளவு சுலபம் அல்ல. அதையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி குழாயிலேயே அச்சிட்டிருக்கும்.