முதல் ஸ்கீ டூரிங் உபகரணம்: பூட்ஸிலிருந்து தொடங்குங்கள்

லிஃப்ட் இல்லாத மலைச்சரிவில் சொந்தக் கால்பலத்தால் ஏறி, ஏறிய உயரத்தை ஸ்கீயில் சறுக்கி இறங்குவதையே ஸ்கீ டூரிங் என்கிறோம். ஏறும்போது குதிகால் விடுபட்டு எழும்ப வேண்டும். இறங்கும்போது அதே குதிகால் பலகையோடு இறுகப் பூட்டியிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளையும் ஒரே உபகரணம் நிறைவேற்ற வேண்டியிருப்பதால், இதற்கான பூட்ஸ், பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங், ஸ்கீ மூன்றும் பனிச்சறுக்கு மையங்களில் வாடகைக்குக் கிடைப்பவற்றிலிருந்து வேறுபடுகின்றன.

நான் எழுதுவது சுவிஸ் ஆல்ப்ஸை மனத்தில் வைத்து. இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளியின் குளிர்கால முகாமில் ஸ்கீ கற்றிருப்பார்கள். சீரமைத்த பாதையில் எந்தப் பனியிலும் நிதானமாகத் திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர்களுக்கே அடுத்த படியாக இது பொருந்தும். அந்தத் தேர்ச்சி வராமல் உபகரணத்தில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுபவை வண்ணமயமான ஸ்கீகள்தாம். முதலில் நானும் ஸ்கீயைத்தான் வாங்கினேன்: ஆழமான புதுப்பனியில் மிதக்கும் என்ற நம்பிக்கையில், இடைப்பகுதி 108 மி.மீ. அகலமுள்ள கனத்த ஜோடி. பணம் அதிலேயே தீர்ந்துபோனதால், கைக்குக் கிடைத்த ஓர் இரண்டாம்கை பூட்ஸைச் சரியாகப் போட்டுப் பார்க்காமலே எடுத்துக்கொண்டேன். முதல் ஏற்றத்திலேயே இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்தது. பாதி வழியில் திரும்பினேன். அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: முதலில் பூட்ஸ், அடுத்து பைண்டிங், கடைசியில் ஸ்கீ. பணத்தையும் நேரத்தையும் இந்த வரிசையிலேயே செலவிட வேண்டும்.

டூரிங் பூட்ஸின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. 26.5 என்றால் 26.5 செ.மீ. நீளமுள்ள பாதத்துக்கானது. பெரும்பாலான மாதிரிகளில் 26க்கும் 26.5க்கும் வெளிக்கூடு ஒன்றேதான், உள்ளே வரும் மெத்தைதான் மாறும்; ஆகையால் அரை அளவு ஏற்றுவதால் உண்மையில் இடம் கூடிவிடுவதில்லை. உள்மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல்நுனி முன்சுவரைத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் அளவு ஏறக்குறைய சரி. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் கால் உள்ளே ஆடும்; ஏற்றத்தில் ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்பி உரசும். கூடு சற்று இறுக்கமாக இருந்தால் கடைக்காரர் சூடாக்கி, வலிக்கும் இடத்தைப் புடைக்கச் செய்து தருவார். பெரிதாக வாங்கிவிட்ட கூட்டைச் சுருக்க வழியில்லை.

பிற்பகலில் கடைக்குச் செல்லுங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்கு அணியும் அதே காலுறையோடு, பூட்ஸைப் போட்டபடி குறைந்தது அரைமணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து, படியேறி, முழங்காலை மடக்கி நின்று பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம். எடையைப் பொறுத்தவரை, ஒரு காலுக்கு 1,200 முதல் 1,500 கிராம் வரையுள்ள பூட்ஸ் தொடக்கக்காரருக்கு நல்ல நடுநிலை. பந்தயக்காரர்கள் அணியும் ஆயிரம் கிராமுக்குக் கீழான மெல்லிய பூட்ஸ் ஏறுவதற்கு இதமாக இருந்தாலும், இறங்கும்போது போதிய தாங்கலைத் தராது. பின்புற நெம்புகோலை நடைநிலைக்குத் திருப்பினால் கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக அசைகிறதா என்பதையும், பைண்டிங்கின் ஊசிகள் நுழைவதற்கான உலோகக் குழிகள் முன்னும் பின்னும் இருக்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். பத்துப் பாகைச் சரிவில் 1,000 மீட்டர் உயரம் ஏறுவதென்றால், நடக்கும் தூரம் ஆறு கிலோமீட்டரை நெருங்கும். ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 4,000 தடவை முன்னே நகர வேண்டும். காலில் கூடுதலாக உள்ள அரைக் கிலோவை அத்தனை தடவையும் நகர்த்த வேண்டும்.

பைண்டிங்கில் இன்று தொடக்கக்காரர் பார்க்க வேண்டியது ஊசி வகையைத்தான். 1980களில் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கி, பின்னர் டைனாஃபிட் நிறுவனத்தின் வழியே பரவிய அமைப்பு இது. பூட்ஸின் முனையை இருபுறமும் இரண்டு ஊசிகள் பிடித்துக்கொள்ள, ஏறும்போது பைண்டிங் ஸ்கீயிலேயே தங்கிவிடுகிறது. பூட்ஸ் மட்டும் எழும்புகிறது. பழைய சட்டக வகையிலோ, கனத்த சட்டகம் முழுவதும் காலோடு சேர்ந்து எழும்பும். இறக்கத்தில் பனிச்சறுக்கு மையங்களின் சாதாரண ஆல்பைன் பைண்டிங்போல இயங்கும் கலப்பு வகையும் உண்டு. ஆனால் அது கனமானது, லிஃப்டிலேயே பாதி நாளைக் கழிப்பவருக்குத்தான் ஏற்றது. 300 முதல் 500 கிராம் எடையில், கழன்ற ஸ்கீ சரிவில் ஓடிவிடாமல் நிறுத்தும் தடுப்பான் பொருத்திய, விழும்போது பூட்ஸைக் கழற்றிவிடும் பக்கவாட்டு விடுவிப்பையும் முன்னோக்கிய விடுவிப்பையும் தனித்தனியே சரிசெய்யக்கூடிய ஓர் ஊசி பைண்டிங் முதல் முறைக்குப் போதுமானது. தடுப்பானின் அகலம் ஸ்கீயின் இடைப்பகுதியைவிடச் சில மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கட்டும்.

எவ்வளவு விசையில் பூட்ஸ் கழல வேண்டும் என்பதைக் குறிக்கும் விடுவிப்பு எண் உடல் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றால் தீர்மானமாகிறது. இதைப் பயிற்சி பெற்ற கடைப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள். பைண்டிங்கைப் பொருத்தும் நாளில் பூட்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கையில் இருப்பவை இரண்டு பழக்கங்கள். பூட்ஸின் குழியிலும் பைண்டிங் முன்பகுதியின் சுருள்விற்களுக்கு அடியிலும் உறைந்திருக்கும் பனிக்கட்டியைக் கூரான ஏதாவது ஒன்றால் ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுங்கள். எதிர்பாராமல் ஸ்கீ கழன்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இறங்கத் தொடங்குமுன் பைண்டிங்கின் முன்புற நெம்புகோலை, ஏறும்போது ஊசிகள் கழலாமல் இறுக்கி வைக்கும் நடைப்பூட்டிலிருந்து விடுவியுங்கள். மறந்தால் விழும்போது ஸ்கீ கழலாது, கால்தான் முறியும்.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆல்ப்ஸில் ஒரே நாளில் காற்றால் இறுகிய பனி, காலையில் உறைந்த பனி, மதியம் இளகிய பனி எல்லாம் வந்துபோகும். இடைப்பகுதி 85 முதல் 95 மி.மீ. வரையுள்ள, ஒன்று 1,200 முதல் 1,500 கிராம் எடையுள்ள ஸ்கீ இவை எல்லாவற்றையும் சமாளிக்கும். நீளம் உங்கள் உயரத்தைவிட 5 முதல் 10 செ.மீ. குறைவாக இருந்தால் செங்குத்தான சரிவில் திசைமாற்றித் திரும்புவது எளிது.

ஸ்கீயின் அடியில் ஒட்டி, பின்னோக்கி வழுக்காமல் ஏறுவதற்கான பட்டையான ஸ்கின்னை ஜெர்மன் பேசும் பகுதிக் கடைகளில் ‘ஃபெல்’ என்று கேட்க வேண்டும். ஒருகாலத்தில் உண்மையாகவே கடல்நாய்த் தோலால் செய்யப்பட்டது. பிரெஞ்சில் இன்றும் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். அங்கோரா ஆட்டு மயிரால் ஆன மோஹேர் நன்றாக வழுக்கும், நைலான் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். முதல் ஸ்கின்னுக்கு இரண்டும் கலந்ததை வாங்கி, இருபுறமும் எஃகு விளிம்பு வெளியே தெரியுமாறு வெட்டிக்கொள்ளுங்கள். ஈரமானதை ஹீட்டரின் மேல் காயப்போட்டால் பசை கெட்டுவிடும். அறை வெப்பத்தில் உலர விடுங்கள். உறைந்து கெட்டித்த காலைப் பனிக்கு, பைண்டிங்கில் செருகும் பற்களுள்ள ஸ்கீ கிராம்பனையும் பைண்டிங்கோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. ஸ்கீயின் அகலத்துக்கு ஏற்ற அளவு பின்னாளில் கிடைக்காமல் போகலாம்.

இவற்றின் விலையைக் கூட்டும்போது, பனிச்சரிவில் (மலைப்பனி சரிந்து விழுவதில்) புதைந்தவரை மீட்கும் உபகரணத்துக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞையை அனுப்பவும் மற்றவருடையதைத் தேடவும் செய்யும் மூன்று ஆன்டெனா தேடுகருவி, பனிக்குள் குத்திப் பார்ப்பதற்கான 240 செ.மீ. அல்லது அதற்கும் நீண்ட துழாவுகோல், உலோக ஷவல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதையுண்டவரின் உயிர் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தங்கியிருக்கிறது. மீட்புக்குழு அதற்குள் வந்துசேர்வது அரிது, தோண்டி எடுக்க வேண்டியவர் கூட வந்தவரே. உங்கள் தேடுகருவி உங்கள் தோழரைக் காக்கிறது, அவருடையது உங்களைக் காக்கிறது. ஆகவே தேடும் பயிற்சி இல்லாதவருடன் போக வேண்டாம். நீங்களும் பயிற்சி வகுப்பு ஒன்றை முடிக்காமல் போக வேண்டாம். கைபேசி அலைகளில் குறுக்கிடும் என்பதால், தேடுகருவி அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளியே அது இருக்க வேண்டும். தாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்னும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும் பனிச்சரிவு அபாய அறிக்கையைப் படித்து, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் வண்ணமிடப்பட்ட, சுவிஸ் அரசின் நிலவரைபட அலுவலகமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வழியைத் தீர்மானியுங்கள்.

முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு ஸ்கீயையும் பைண்டிங்கையும் வாடகைக்கு எடுத்து, பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குவது சிக்கனமான வழி. பருவம் முடியும் ஏப்ரலில் கடைகள் தங்கள் வாடகை ஸ்கீகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. அப்போது அடிப்பகுதியில் ஆழமான கீறல் இருக்கிறதா, பைண்டிங்குக்காக எத்தனை தடவை துளையிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கலாம். தேடுகருவியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். எல்லாம் சேர்ந்ததும், மலைக்குப் போகுமுன் வீட்டு முற்றத்திலேயே கையுறையைக் கழற்றாமல் ஸ்கின்னை ஒட்டவும் உரிக்கவும், பைண்டிங்கை நடைநிலைக்கும் இறக்கநிலைக்கும் மாற்றவும் பத்துத் தடவையாவது பழகிக்கொள்ளுங்கள். சிகரத்தின் காற்றில் விரல் மரத்துப்போனபின் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.