நியூஜெர்சி பிரைமரில ஓட்டு போடப் போறீங்களா? முதல்ல இதப் படிச்சிடுங்க

சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, நவம்பர் எலெக்‌ஷன்ல ஓட்டும் போட்டாச்சு, ஆனா ஜூன்ல வர்ற பிரைமரி பக்கம் எட்டிக்கூட பாக்கலன்னு சொல்ற நம்மாளுங்க எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் நிறைய பேர். ஊர்ல தலைமை யாருக்கு சீட் குடுக்குதோ அவர்தான் வேட்பாளர், நமக்கு அதுல என்ன வேலைன்னு பழகிட்டோம். இங்க சீட்டு யாருக்குன்னு முடிவு பண்றதே அந்த ஜூன் ஓட்டுதான். பல தொகுதில எப்பவும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும்ங்கறதால நிஜமான போட்டியே அப்பவே முடிஞ்சிடும்.

முதல்ல உங்க பேரு எந்தக் கட்சில இருக்குன்னு ஸ்டேட் எலெக்‌ஷன் சைட்ல பாருங்க. எந்தக் கட்சிலயும் இல்லாம 'அன்அஃபிலியேட்டட்'னு இருந்தா கவலையே இல்ல, பூத்துக்குப் போய் எந்தக் கட்சி பேலட் (ஓட்டுச் சீட்டு) வேணும்னு அங்கயே சொல்லிக்கலாம், அந்த நிமிஷத்துலேருந்து நீங்க அந்தக் கட்சிக்காரர் (பிடிக்கலன்னா அப்புறம் ஃபாரம் குடுத்து வெளிய வந்துடலாம்). ஏற்கெனவே ஒரு கட்சில இருந்துகிட்டு இன்னொண்ணுக்கு மாறணும்னாதான் சிக்கல், பிரைமரிக்கு 55 நாள் முன்னாடியே ஃபாரம் போயிருக்கணும். புதுசா வோட்டரா பதியணும்னா 21 நாள் முன்னாடி, ஆன்லைன்லயே முடிச்சிடலாம்.

கிரீன் கார்டு, எச்1பி ஆளுங்க தயவுசெஞ்சு இதுல கை வைக்காதீங்க. லைசன்ஸ் எடுக்கப் போற எடத்துல வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி கேட்டா தெளிவா வேணாம்னு சொல்லிடுங்க, தெரியாம பதிஞ்சாக்கூட பின்னாடி சிட்டிசன்ஷிப் கேஸுல பெரிய தலைவலி.

இப்ப முக்கியமான மேட்டர், பேலட்டே மாறிப் போச்சு. முன்னாடி இங்க இருக்குற 21 கவுன்ட்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) 19ல 'கவுன்ட்டி லைன்'னு ஒண்ணு இருந்துச்சு, அதாவது கவுன்ட்டி கட்சிக்காரங்க ஆதரிக்கிற ஆளுங்க எல்லாரையும், செனட்டர்லேருந்து உள்ளூர் பதவி வரைக்கும், ஒரே வரிசைல ஒண்ணா போட்டுடுவாங்க, எதுத்து நிக்கிறவரு எங்கயோ ஒரு மூலைல தனியா கெடப்பாரு, அந்த மூலைக்கு இங்க அரசியல்காரங்க வச்ச பேரே 'பேலட் சைபீரியா'. ஜனங்க அந்த வரிசையவே மேலேருந்து கீழ அமுக்கிட்டு வந்துடுவாங்க. 2024ல செனட்டுக்கு நின்ன ஆண்டி கிம் இத எதுத்து கோர்ட்டுக்குப் போனாரு, மார்ச் மாசம் ஃபெடரல் ஜட்ஜ் ஜாஹித் குரைஷி தடை போட்டாரு, அந்த வருஷம் டெமாக்ரட் பேலட் மட்டும் மாறுச்சு, ரிபப்ளிகன் பக்கம் பழையபடியே இருந்துச்சு. 2025ல சட்டசபைல புது சட்டம் போட்டு ரெண்டு கட்சிக்கும் மாத்துனாங்க. அவங்களா மனசு மாறி செஞ்சாங்கன்னு நெனைக்காதீங்க, கோர்ட் தள்ளலன்னா இன்னும் அந்த லைன் அப்படியேதான் இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

இப்ப ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி கட்டம், அந்தப் பதவிக்கு நிக்கிறவங்க எல்லாரும் அதுக்குள்ளயே. அதனால ஒரே வரிசைய அமுக்கிட்டு வர்ற வேலை ஆகாது, ஒவ்வொரு கட்டமா படிக்கணும். கட்டத்து மேல எத்தன பேருக்குப் போடலாம்னு எழுதியிருக்கும், அசெம்ப்ளிக்கு ஒரு தொகுதிக்கு ரெண்டு சீட்டுங்கறதால ரெண்டு பேருக்குப் போடலாம், தபால் பேலட்ல மூணு பேருக்குக் குறிச்சா அந்தப் பதவிக்கான ஓட்டு செல்லாது. பேருக்குக் கீழ இருக்குற ஸ்லோகனயும் பாருங்க, கட்சி அமைப்போட ஆதரவு யாருக்குன்னு சில சமயம் அதுலயே தெரிஞ்சிடும். கவுன்ட்டி கிளர்க் சைட்ல சாம்பிள் பேலட் இருக்கும், வீட்லயே பாத்து முடிவு பண்ணிட்டுப் போங்க. இங்க ரன்ஆஃப் (யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா முன்னணில இருக்குறவங்களுக்குள்ள மறுபடி ஓட்டு) எல்லாம் கெடையாது, யாரு அதிகமோ அவங்கதான். 2025 கவர்னர் பிரைமரில டெமாக்ரட் பக்கம் ஆறு பேரு நின்னாங்க, மைக்கி ஷெரில் சுமார் 34 சதவீதத்துலயே ஜெயிச்சுட்டாங்க.

பூத் காலை 6 மணிலேருந்து ராத்திரி 8 வரை, 8க்கு க்யூல நின்னாலே விட்டுடுவாங்க. அன்னிக்கு முடியாதுன்னா ஏர்லி வோட்டிங் இருக்கு, 2025ல ஜூன் 3லேருந்து 8 வரை வச்சாங்க, அதுக்கு உங்க கவுன்ட்டில எந்த சென்டர்னாலும் ஓகே.

தபால்ல போடுறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. தபால் லிஸ்ட்ல இருந்தாலும் எந்தக் கட்சின்னு நீங்க சொல்லலன்னா பிரைமரி பேலட் வீட்டுக்கு வராது. அப்புறம் உள் கவரோட ஒட்டியிருக்குற சர்டிஃபிகேட்டக் கிழிக்காம கையெழுத்துப் போடுங்க, கையெழுத்து ஒத்துப்போகலன்னு லெட்டர் வந்தா சும்மா தூக்கிப் போடாம பதில் அனுப்புங்க, சரிபண்ண சான்ஸ் உண்டு. தபால் பேலட் வாங்கிட்டு பூத்துக்குப் போனா மெஷின்ல விடமாட்டாங்க, புரொவிஷனல் பேப்பர்தான் (தனியா வச்சு, சரிபார்த்த பிறகு எண்ணுற பேலட்).

வீட்ல 17 வயசுப் புள்ள இருந்தா அதுக்கும் சொல்லுங்க, நவம்பர் எலெக்‌ஷனுக்குள்ள 18 ஆகுதுன்னா 2026லேருந்து பிரைமரில ஓட்டு போடலாம், ஆனா முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும், இதுக்கும் அதே 21 நாள் கணக்குதான்.