பிஸ்டனா, டர்பைனா? முதல் ஹெலிகாப்டர் வாங்கும்முன் போட வேண்டிய கணக்கு

ஆஸ்திரேலியாவில் நாங்கள் மூன்று நண்பர்கள் கூட்டாக ஒரு ஹெலிகாப்டர் வாங்கினோம். ராபின்சன் கம்பெனியின் ஆர்44-ஆ (கார் எஞ்சின் போன்ற பிஸ்டன்), ஆர்66-ஆ (ஜெட் வகை டர்பைன்) என்று முடிவெடுக்கவே எட்டு மாதம் ஆனது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எரிபொருள். பிஸ்டனுக்கு அவ்காஸ் (விமானப் பெட்ரோல்), டர்பைனுக்கு ஜெட் எரிபொருள். உங்கள் தளத்தில் எது கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். இந்தியாவில் 2022-இல்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்த அவ்காஸை வெளியிட்டது, அதுவரை இறக்குமதிதான். அங்கே வாங்குபவர்கள் டர்பைனையே முதலில் பாருங்கள். ஆர்44 மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும், ஆர்66 சுமார் 90.

படி 2: எடை. டேங்கை நிரப்பினால் ஆர்44-இல் ஆட்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 310 கிலோ. 80 கிலோ ஆட்கள் நால்வர் ஏற முடியாது. ஆர்66-இல் ஐவர் ஏறலாம். குதிரைத்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. டர்பைன் எஞ்சினின் எடை பிஸ்டனில் சுமார் பாதிதான், அதனால் வந்த லாபம் இது.

படி 3: ஓவர்ஹால், அதாவது பிரித்துப் பார்த்து முழுதாகப் புதுப்பிப்பது. நான் சறுக்கியது இங்கேதான். பத்து வயதான ஒரு ஆர்44 விலைக்கு வந்தது. ஓடியது வெறும் 700 மணி. ஓவர்ஹால் 2,200 மணியில்தானே, இன்னும் 1,500 பாக்கி என்று முன்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டேன். மெக்கானிக் லாக்புக்கைப் புரட்டி, தயாரிப்புத் தேதியின் மேல் விரலை வைத்தார். கெடு 2,200 மணி அல்லது 12 வருடம். எது முந்துகிறதோ அது. நாங்கள் வருடத்துக்கு 100 மணி பறப்பவர்கள். 200 மணி பறப்பதற்குள் கெடு வந்திருக்கும், மீதி 1,300 மணி வீண். எனவே ஓவர்ஹால் செலவை 2,200-ஆல் வகுக்காதீர்கள். 12 வருடத்தில் நீங்கள் உண்மையில் பறக்கப்போகும் மணியால் வகுங்கள். எங்களுக்கு அது 1,200. ஆர்66-க்கும் 12 வருடக் கெடு உண்டு.

படி 4: ஸ்டார்ட். டர்பைனில் பேட்டரி தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. என்1 முள் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பகுதியின் சுழல்வேகத்தைக் காட்டுவது) குறைந்தது 12 சதவீதத்தையாவது தாண்டிய பிறகுதான் எரிபொருளைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்று போதாமல் வெப்பம் எகிறி, சில நொடிகளில் டர்பைன் பிளேடுகள் கருகிவிடும். கண்ணை வெப்பமானியிலிருந்து எடுக்காதீர்கள். பிஸ்டன் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. ஆனால் கார்புரேட்டர் (காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பாகம்) வைத்த மாடல்களில், ஈரப்பதம் மிகுந்த 20 டிகிரி நாளிலும் உள்ளே பனி கட்டும். அதனால்தான் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள ஆர்44 மாடலான ரேவன் 2-ஐ எடுத்தோம். வருடம் 150 மணிக்குக் கீழே, இரண்டு மூன்று பேர், சமவெளி என்றால் அதையே எடுங்கள். மலையும் வெயிலும் முழுச் சுமையும் என்றால் ஆர்66.

பின்சேர்க்கை: டர்பைன் ஹெலிகாப்டரைத் தரையிறக்கியதும் எஞ்சினை உடனே அணைக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடாது. ஐடிலில் (சுமையில்லாத குறைந்த வேகத்தில்) இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். பறந்த மணியோடு எத்தனை முறை ஸ்டார்ட் செய்தோம் என்பதும் டர்பைனின் ஆயுள் கணக்கில் சேரும். பத்து பத்து நிமிடமாக இறங்கி ஏறுபவர்கள் அதையும் படி 3-இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.